கடைமடை சேராத திட்டங்கள்



திட்டம் என்ற சொல் நம் காதில் விழாத நாள் இல்லை. பாலம் கட்டத் திட்டம், பள்ளி எழுப்பத் திட்டம், துறைமுகம் தோண்டத் திட்டம் என்று நாள்தோறும் கேட்கிறோம். அடிக்கல் நாட்டும் நாளில் மேளம் முழங்குகிறது, மாலைகள் விழுகின்றன, சொற்பொழிவுகள் நிகழ்கின்றன. சில ஆண்டுகள் சென்றபின் அவ்வழியே போகிறவர், அந்தக் கல்லைச் சுற்றி எருக்கு மண்டிக் கிடப்பதைக் காண்கிறார். ஏன் இப்படி என்று கேட்டால், பணம் போதவில்லை என்பார் ஒருவர். பொறியாளர் சரியில்லை என்பார் மற்றொருவர். நம் ஊரின் தலையெழுத்து என்று பெருமூச்சு விடுவார் மூன்றாமவர். இம்மூன்று விடைகளும் பெரும்பாலும் பொருந்துவதில்லை. பணம் நிறைந்த திட்டங்கள் தோற்றிருக்கின்றன. தேர்ந்த பொறியாளர் கைப்பட்ட திட்டங்களும் தோற்றிருக்கின்றன. அவற்றின் தோல்விக்குக் காரணம் வேலையை நடத்திய முறை. மாணவ நண்பர்களே, அந்த முறையைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் காரைக்காலைச் சேர்ந்தவன். எங்கள் ஊர் காவிரியின் கடைமடை. கடைமடை என்பது வாய்க்காலின் கடைசி மதகு. அதற்கு அப்பால் கடல். மேட்டூர் அணையில் ஜூன் 12ஆம் நாள் தண்ணீர் திறப்பது நெடுநாளைய மரபு. மழை பொய்த்த ஆண்டுகளில் அது தள்ளிப்போவதும் உண்டு. திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கே பிரிந்து, பின்னும் பல கிளைகளாகப் பிரிந்து, அரசலாறு, நாட்டாறு, திருமலைராயனாறு என்ற பெயர்களோடு எங்கள் வயல்களை எட்ட வேண்டும். அணை திறந்த செய்தி அன்றே வந்துவிடும். தண்ணீர் வருவதற்குத்தான் நாளாகும். சில ஆண்டுகளில் செய்தியோடு சரி. ஆகவே எங்கள் பக்கத்து உழவர், ஒரு திட்டம் தொடங்கிவிட்டது என்று சொன்னால் மகிழ்ந்துவிட மாட்டார். கடைமடைக்கு வந்து சேர்ந்ததா என்றுதான் கேட்பார். எந்தத் திட்டத்தையும் அளக்க இதனினும் நல்ல அளவுகோலை நான் அறியேன்.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு, உலகம் கண்ட பெருந்தோல்வி ஒன்றை முதலில் பார்ப்போம். காரைக்கால் 1739ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1954 நவம்பர் முதல் நாள் இந்தியாவோடு இணைந்தது. ஏறத்தாழ இருநூறாண்டுகள் எங்களை ஆண்ட அந்த நாட்டார், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொறியியலில் தலைசிறந்து விளங்கினர். 1859 முதல் 1869 வரை பத்தாண்டுகளில் சூயஸ் கால்வாயை வெட்டி முடித்துச் செங்கடலையும் மத்தியதரைக் கடலையும் இணைத்தனர். அதை முன்னின்று நடத்தியவர் பெர்தினாந் தெ லெசெப்ஸ். அவர் பொறியாளர் அல்லர், தூதராக இருந்தவர். மக்களை ஈர்க்கும் பேச்சும், தளராத ஊக்கமும் உடையவர். அதே லெசெப்ஸ் அமெரிக்கக் கண்டத்தின் இடுப்பாகிய பனாமாவை வெட்டி, அட்லாண்டிக், பசிபிக் ஆகிய இரு பெருங்கடல்களையும் இணைக்கப் புறப்பட்டார்.

1879ஆம் ஆண்டு பாரிஸில் ஒரு பேரவை கூடியது. சூயஸைப் போலவே பனாமாவிலும் கடல் மட்டத்துக்கு வெட்டிவிடலாம் என்றார் லெசெப்ஸ். கோதென் தெ லெபினே என்ற பொறியாளர் எழுந்து மறுத்தார். பனாமா மழைக்காடு, அங்கே சாக்ரெஸ் என்ற ஆறு மழைநாளில் பொங்கிப் பாயும், எனவே அந்த ஆற்றை அணைகட்டி ஏரியாக்கி, கதவுகள் கொண்ட நீர்த்தொட்டிகளால் கப்பலைப் படிப்படியாக ஏரிக்கு ஏற்றி, மறுபுறம் இறக்குவதே தக்க வழி என்று அவர் விளக்கினார். அவர் சொல் அம்பலம் ஏறவில்லை. சூயஸில் வென்றவரே சொல்லும்போது வேறு பேச்சென்ன என்று அவை எண்ணியது போலும்.

தோல்வியின் முதல் வித்து இங்கே விழுந்தது. ஓரிடத்தில் வென்ற முறையை, இடம் மாறியபின்னும் அப்படியே பெயர்த்து நடுவது பெரும்பிழை. சூயஸ் தட்டையான மணல்வெளி, மழை அரிது, குறுக்கே ஆறு இல்லை. பனாமாவிலோ மலை உண்டு, ஆறு உண்டு, வெட்ட வெட்டச் சரியும் களிமண் உண்டு. நிலம் வேறாயிற்று, திட்டம் மட்டும் மாறவில்லை.

இரண்டாம் வித்து கணக்கில் விழுந்தது. 1880ஆம் ஆண்டு பனாமாவை நேரில் பார்த்த தொழில்நுட்பக் குழு, கால்வாய்க்கு 843 மில்லியன் பிராங்கு ஆகும் என்று மதிப்பிட்டது. லெசெப்ஸ் அதைத் தாமே 658 மில்லியனாகக் குறைத்தார். நிலத்தில் ஒரு கூடை மண்கூடக் குறையவில்லை. தாளில் மட்டும் தொகை குறைந்தது. பங்கு வாங்குவோர் அஞ்சக்கூடாது என்பதே நோக்கம். கேட்போர் மனம் குளிரும்படி எழுதிய மதிப்பீடு கடன் வாங்கிய மகிழ்ச்சியைப் போன்றது. பின்னாளில் வட்டியோடு திருப்ப நேரும்.

வேலை தொடங்கியது. முதலில் முழுப்பொறுப்பும் ஏற்ற குத்தகை நிறுவனத்தார் 1882ஆம் ஆண்டின் இறுதியில் விலகிக்கொண்டனர். பின்னர் வேலை பல சிறு காண்டிராக்டர்களுக்குத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. ஒருவர் வெட்டிய மண்ணை எங்கே கொட்டுவது என்பது மற்றொருவர் கவலை ஆயிற்று. அருகிலேயே கொட்டிய மண் மழையில் கரைந்து மீண்டும் பள்ளத்தில் இறங்கியது. மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் தொழிலாளரை வாரிக்கொண்டு போயின. மருத்துவமனையில் எறும்பு ஏறாதிருக்கக் கட்டில் கால்களை நீர்க்கிண்ணங்களில் வைத்தனர். அந்த நீரிலேயே கொசு பெருகியது. இதற்காக அவர்களைப் பழிப்பது முறையன்று. கொசுவால் மலேரியா பரவுவதை ரொனால்டு ராஸ் நம் நாட்டுச் செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897ஆம் ஆண்டில்தான். ஆனால் காரணம் தெரியாவிட்டாலும், மனிதர் கூட்டங்கூட்டமாக மடிவது கண்ணுக்குத் தெரிந்தது. அதைக் கண்டபின்னும் வேலையை நிறுத்தி யோசிக்கவில்லை. 1887இல், பணமும் நம்பிக்கையும் தீர்ந்த வேளையில், கதவுத் தொட்டி முறைக்கு மாறினர். 1889 பிப்ரவரியில் நிறுவனம் கலைந்தது. பிரெஞ்சுக் காலத்தில் இறந்தவர்கள் 20,000 பேருக்கும் மேல் என்று மதிப்பிடுவர். சிறுகச் சேர்த்த பணத்தைப் பங்கில் போட்ட இலட்சக்கணக்கான எளிய குடும்பங்கள் அதை இழந்தன.

இனி, கதையின் மறுபாதியைக் கேளுங்கள். அதே மண், அதே மழை, அதே ஆறு. 1904ஆம் ஆண்டு அமெரிக்க அரசு அந்த வேலையை ஏற்றது. எடுத்த எடுப்பில் அவர்களும் அதே பிழையைத்தான் செய்தார்கள். மண் பறக்கட்டும் என்று மக்கள் அவசரப்படுத்த, ஆயத்தமின்றித் தோண்டத் தொடங்கினர். முதல் தலைமைப் பொறியாளர் ஓராண்டு கடந்ததும் விலகிச் சென்றார். 1905 ஜூலையில் ஜான் ஸ்டீவன்ஸ் என்ற ரயில்வே பொறியாளர் வந்தார். அவர் இட்ட முதல் பெரிய உத்தரவு என்ன தெரியுமா? தோண்டுவதை நிறுத்துங்கள் என்பதே அது!

தோண்ட வந்தவர் தோண்டுவதை நிறுத்தினார். முதலில் குடியிருப்பு, குடிநீர், சாக்கடை, உணவு ஆகியவற்றை ஒழுங்கு செய்தார். மருத்துவர் வில்லியம் கார்காஸ் கொசுவை ஒழிக்கக் கேட்ட ஆளும் பொருளும் தயங்காமல் கொடுத்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் பனாமா நகரில் மஞ்சள் காய்ச்சல் அடங்கியது. அடுத்து, ஸ்டீவன்ஸ் கேள்வியையே மாற்றி அமைத்தார். மண்ணை எப்படி வெட்டுவது என்று மற்றவர்கள் கேட்டார்கள். வெட்டிய மண்ணை எப்படிக் கொண்டுபோவது என்று அவர் கேட்டார். ஆகவே ரயில் பாதையைப் புதுப்பித்து, மண் வண்டிகள் இடைவிடாது ஓட வகை செய்தார். 1906ஆம் ஆண்டு கதவுத் தொட்டி முறையே உறுதியாயிற்று. கோதென் தெ லெபினே சொன்னதை ஏற்க 27 ஆண்டுகள் ஆயின.

1907இல் ஸ்டீவன்ஸ் விலகியதும் ஜார்ஜ் கோதல்ஸ் பொறுப்பேற்றார். அவர் கையில் முழு அதிகாரம் இருந்தது. அதனால் முழுப் பொறுப்பும் இருந்தது. ஞாயிறு காலைகளில் அவர் தம் அலுவலகத்தில் அமர்ந்து, எந்தத் தொழிலாளி வந்தாலும் குறை கேட்டார். கடைநிலையில் நடப்பது தலைமைக்கு உடனே தெரிந்தது. 1914 ஆகஸ்டு 15ஆம் நாள் கால்வாய் திறந்தது. செலவு 1907ஆம் ஆண்டு போட்ட மதிப்பீட்டைத் தாண்டவில்லை. இதனால் அங்கே எல்லாம் நலமாக இருந்தது என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்கர் காலத்திலும் சுமார் 5,600 பேர் இறந்தனர். கரீபியன் தீவுகளிலிருந்து வந்த கருப்பினத் தொழிலாளருக்குக் கூலியிலும் குடியிருப்பிலும் வேற்றுமை காட்டப்பட்டது. வேலையை நடத்தும் திறமை வேறு, மனிதரை நடத்தும் நேர்மை வேறு. நமக்கு இரண்டும் வேண்டும்.

பனாமா தூரத்தில் இருக்கிறது என்று தோன்றலாம். நம் கடற்கரைக்கே திரும்புவோம். மன்னார் வளைகுடாவையும் பாக் நீரிணையையும் ஆழப்படுத்தி இணைக்கும் சேதுசமுத்திரத் திட்டம் 19ஆம் நூற்றாண்டிலேயே பேசப்பட்டது. 2005 ஜூலை 2ஆம் நாள் மதுரையில் அதன் தொடக்க விழா நடந்தது. நீளம் 167 கிலோமீட்டர். மதிப்பீடு சுமார் 2,427 கோடி ரூபாய். தூர்வாரும் கப்பல்கள் வந்து வேலையும் நடந்தது. 2007இல் உச்ச நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை வந்தது. பின்னர் வேலை நின்றது. அந்தத் திட்டம் வேண்டுமா, வேண்டாமா என்று தீர்ப்புக் கூறுவது என் பேச்சின் நோக்கமன்று. சமய உணர்வு, பவளப்பாறைகளின் நலம், மீனவர் பிழைப்பு, கால்வாய் தரும் வருவாய் ஆகிய நான்கு கேள்விகளும் தொடக்கத்திலேயே இருந்தவை. எதிர்க்கும் குரலைத் தொடக்கத்தில் கேட்டால் அது அறிவுரையாகப் பயன்படுகிறது. இடையில் கேட்க நேர்ந்தால் அது தடையாக வந்து நிற்கிறது. செலவழித்த பணம் கடலடி மணலோடு கிடக்கிறது.

இப்போது எங்கள் வாய்க்காலுக்கு வருவோம். ஆண்டுதோறும் கோடையில் ஆறுகளையும் வாய்க்கால்களையும் தூர்வார வேண்டும். இதுவும் ஒரு திட்டந்தான். அதிலும் கடுமையான திட்டம். ஏனெனில் இதன் இறுதி நாளை நாம் குறிப்பதில்லை, தண்ணீர் குறிக்கிறது. ஏப்ரலில் வேலை ஆணை கிடைத்தால் தூர் முழுவதும் எடுக்கலாம். மே மாதக் கடைசியில் கிடைத்தால், இயந்திரம் இறங்கும்போதே தண்ணீரும் இறங்கும். எடுத்த மண் கரையிலிருந்து திரும்ப வாய்க்காலில் விழும். 2022ஆம் ஆண்டு மேட்டூருக்கு வரத்து மிகுந்ததால் மரபு நாளுக்கு முன்னதாக, மே 24ஆம் நாளே அணை திறக்கப்பட்டது. முன்னதாகத் தண்ணீர் வருவது நல்ல செய்தி. ஆனால் ஜூன் 12ஐ எல்லையாக வைத்து நாள் எண்ணுகிற எந்த வேலைக்கும் அன்று 19 நாட்கள் குறைந்தன. எல்லை நாளை ஒட்டி வேலையை வகுப்பவன் நல்ல செய்தி வந்தாலும் இடர்ப்படுவான். சில நாட்களை மிச்சம் வைத்து வகுப்பதே நிர்வாகம்.

எங்கள் ஊருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு மாவட்டம். ஆனால் நிலவழியாக எப்பக்கம் போனாலும் தமிழ்நாடு. ஆறு தமிழ்நாட்டில் ஓடி வந்து எங்கள் எல்லைக்குள் நுழைந்து கடலில் விழுகிறது. மேல்பகுதியைப் பேணுவது ஓர் அரசு. கீழ்ப்பகுதியைப் பேணுவது மற்றோர் அரசு. மேலே தூர்வாரி, கீழே வாராவிட்டால் தண்ணீர் வந்து தேங்கும். கீழே வாரி, மேலே வாராவிட்டால் தண்ணீரே வராது. இரண்டு பொறியாளர்களும் தத்தம் வேலையைக் குறைவின்றிச் செய்தாலும், ஒரே காலத்தில் செய்யாவிட்டால் உழவருக்குப் பயனில்லை. காவிரி நடுவர் மன்றம் 2007ஆம் ஆண்டின் இறுதித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு ஆண்டுக்கு 7 டி.எம்.சி. நீரை ஒதுக்கியது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை அப்படியே வைத்தது. தீர்ப்பு நீரின் அளவைச் சொல்லும். அந்த நீர் எந்த மதகு வழியாக, எந்த நாளில், யார் பொறுப்பில் வயலுக்கு வரும் என்பதை நிர்வாகந்தான் சொல்ல வேண்டும். சம்பா நாற்றுக்கு நீதிமன்றம் தெரியாது, தண்ணீரைத்தான் தெரியும்.

எனவே பல கைகள் சேரும் திட்டத்தில் இணைப்பு இடங்களே நோயின் இடங்கள். ஒரு துறையின் வேலை முடிந்து மறு துறையின் வேலை தொடங்கும் அந்த எல்லைக்கோட்டில் ஒரு மனிதரின் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். எல்லாருக்கும் பொறுப்பு என்று எழுதினால், யாருக்கும் பொறுப்பில்லை என்றே பொருளாகும்.

திட்டத்தின் வாழ்வு திறப்பு விழாவோடு முடிவதுமில்லை. பேரளத்திலிருந்து திருநள்ளாறு வழியாகக் காரைக்காலுக்கு 1898ஆம் ஆண்டிலேயே ரயில் வந்தது. பிரெஞ்சு ஆட்சிக்குரிய அந்தச் சிறு பாதையைத் தென்னிந்திய ரயில்வே நடத்தியது. இரண்டு அரசுகளின் எல்லையைக் கடந்த அந்தப் பாதை அக்காலத்திலேயே உருவாயிற்று என்பதை எண்ணிப் பாருங்கள். ஆனால் 1980களில் அதில் ரயில் நின்றுபோயிற்று. 2011 டிசம்பரில் நாகூர் வழியாக வேறொரு பாதையில் ரயில் மீண்டும் காரைக்காலை எட்டியது. பேரளம் பாதையோ அகலப்பாதையாகப் புதிதாக இடப்பட்டு, 2025ஆம் ஆண்டில்தான் சோதனை ஓட்டம் கண்டது. தூரம் ஏறத்தாழ 23 கிலோமீட்டர். இதற்கிடையில் ஒரு தலைமுறை பேருந்திலேயே கல்லூரிக்குப் போய்ப் படித்து முடித்தது. கட்டுவதற்கு ஒரு கணக்கு எழுதும்போதே, காப்பதற்கும் ஒரு கணக்கு எழுத வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

இவையெல்லாம் மேல்நாட்டார் அண்மையில் கண்டுபிடித்த கலை என்று சிலர் கருதுவர். கால அட்டவணை போடும் முறைகளும், கணிப்பொறியில் வேலையைப் பின்தொடரும் வழிகளும் புதியவையே. அவை பயனுள்ளவை, கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அடிப்படை நமக்குப் புதிதன்று. திருக்குறளின் அதிகாரத் தலைப்புகளை மட்டும் நினைத்துப் பாருங்கள். தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்துவினையாடல், வினைசெயல்வகை என்று அவை நிற்கின்றன. ஆராய்ந்து இறங்குக, உன் ஆற்றலை அளந்துகொள்க, காலம் பார், இடம் பார், தக்கவரிடம் வேலையைக் கொடு, முடிக்கும் வகை அறி. இடனறிதல் என்ற ஒன்றைக் கருதியிருந்தால் சூயஸைப் பனாமாவில் தேடியிருக்க மாட்டார்கள்.

மாணவ நண்பர்களே, நீங்கள் நாளை பொறியாளராகலாம், ஆட்சியராகலாம், ஊராட்சித் தலைவராகலாம். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் கல்லூரியில் ஒரு கண்காட்சி நடத்தினாலும், பள்ளித் தோட்டத்துக்குக் குழாய் இழுத்தாலும் அது திட்டந்தான். தொடங்குமுன் ஐந்து கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். இந்த இடத்துக்கு ஏற்ற முறைதானா இது, அல்லது வேறிடத்தில் வென்றதைப் பார்த்து எழுதியதா? இந்தக் கணக்கு உண்மைக் கணக்கா, மகிழ்விக்கும் கணக்கா? எது முதலில், எது பின்னர் என்ற வரிசையும், இடையூறுக்கென ஒதுக்கிய நாட்களும் உண்டா? மறுப்பவரைக் கேட்டாயிற்றா, ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு பெயர் இருக்கிறதா? முடிந்தபின் இதைக் காப்பவர் யார்?

ஐந்துக்கும் விடை கிடைத்தால் தொடங்குங்கள். ஏதேனும் ஒன்றுக்குக் கிடைக்காவிட்டால், ஸ்டீவன்ஸைப் போல மண்வெட்டியைச் சற்றே கீழே வையுங்கள். அந்த விடையைத் தேடியபின் மீண்டும் எடுக்கலாம். உங்கள் ஊரில் அடுத்த அடிக்கல் நாட்டும் நாளில், மேளம் ஓய்ந்தபின், பொறுப்பானவரிடம் சென்று பணிவோடு இந்தக் கேள்விகளையே கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமையுண்டு. அந்த விடைகளை நம்பித்தான் கடைமடையில் ஒருவர் நாற்றங்காலில் விதை தெளித்துவிட்டுக் காத்திருக்கிறார்.